துலாம் ராசிக்கு நெருப்பு எழுத்து

ஜூன் 6, வெள்ளி

பன்னிரண்டு ராசிக்காரர்களின் தலைவிதியையும் இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். தயிர்சாதம் கொஞ்சம் புளித்திருந்தது.

பெருமைக்காகச் சொல்லவில்லை. என் உத்தியோகமே அதுதான். தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் 'அதிர்ஷ்டக் கதவு' என்றொரு யூடியூப் சேனல் நடக்கிறது. வாராவாரம் ராசிபலன். வீடியோவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முகப்புப் படம் கண்ணில் படுமே, தம்னெயில், அதில் எரிகிற எழுத்து, ஜொலிக்கிற எழுத்து, உறைந்துபோன எழுத்து எல்லாம் என் கைங்கரியம். பெயர் நாகஜோதி. படித்தது இயற்பியல். ஒளியைப் பற்றி மூன்று வருஷம் படித்ததற்குப் பலனாக, எழுத்தின் மேல் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் கிடைத்திருக்கிறது.

பலன் சொல்பவர் தங்கமாயன் ஐயா. போன வருஷம்வரை இன்சூரன்ஸ் ஏஜென்ட். அப்போதும் மனிதர்களைப் பயமுறுத்தித்தான் பிழைத்தார் என்பதால் அனுபவம் வீண்போகவில்லை. கேமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். அதனால் மேலே காவித் துண்டு, ருத்திராட்சம்; கீழே அரைக்கால் டவுசர். பன்னிரண்டு ராசிக்கும் ஒரே மூச்சில் பேசுவார். சாரம் இதுதான்: "கவனமா இருந்தா நல்லது நடக்கும். நல்லது நடந்தாலும் கவனமா இருக்கணும்." அதைப் பன்னிரண்டாக வெட்டிப் போடுவோம்.

ஆக, எந்த ராசிக்கு நல்ல வாரம், எதற்குக் கெட்ட வாரம் என்பது அவர் பேச்சில் கிடையாது. என் எழுத்தில்தான் இருக்கிறது. முதலாளி பால்பாண்டி அண்ணனின் சட்டம் எளிது. "நாலுக்குத் தங்கம், நாலுக்கு நெருப்பு, நாலுக்குப் பனி. யாருக்கு எதுங்கிறது உன் இஷ்டம் ஜோதி. கலர் மாறி மாறி வந்தாப் போதும்." தங்கம் என்றால் யோகம். நெருப்பு என்றால் ஆபத்து. பனி என்றால் காத்திருக்கவும். கூடப் போட வேண்டிய வாசகங்களையும் அவரே கட்டாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நவக்கிரகங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன. வேலையைப் பார்ப்பவள் நான்.

வேறு விஷயம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வருகிற புதன்கிழமை ஆபரேஷன் என்று அரசு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். "சின்ன ஆபரேஷன்தான், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் டாக்டர் ஷர்மிளா. எல்லா டாக்டர்களும் சின்ன ஆபரேஷன் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வாரம் துலாத்துக்கு நெருப்பு. வாசகம்: 'அவசரம் ஆபத்து!' அம்மாவும் துலாம்தான். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது அப்படித்தான் சொல்வாள். தற்செயல். போன வாரம் தங்கம் போட்டேன், முறைப்படி இப்போது நெருப்பு.

ஜூன் 7, சனி

காலையில் காபியோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பாப்பா, புதன்கிழமை வேணாம்டி" என்றாள்.

"ஏன்?"

"துலாத்துக்கு நேரம் சரியில்லையாம். அவசரம் ஆபத்துன்னு போட்டிருக்கு. எப்படி எரியுது, நீயே பாரு."

பார்த்தேன். நேற்று நான் பற்றவைத்ததுதான். 'ம்' மேல் புள்ளி தீப்பொறியாக அழகாய் வந்திருந்தது.

அம்மா பெயர் முத்துப்பேச்சி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கான சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிறவள், கம்ப்யூட்டர் நெருப்புக்குப் பயந்துவிட்டாள். நான் டிசைன் வேலை பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். எந்த மகா சபையில் என்று மட்டும் சொன்னதில்லை. சொன்னால், ஊரை ஏய்க்கிறாயா என்று விளக்குமாற்றை எடுப்பாள். இல்லாவிட்டால் சத்துணவு மையத்துச் சிநேகிதிகளின் ராசிகளுக்கெல்லாம் சிபாரிசோடு வருவாள்.

இந்தக் காலத்திலும் இப்படியா என்று நாலு வார்த்தை கத்தினேன். உண்மையில் இரண்டு வார்த்தைதான். கட்டாயப்படுத்தினால் அவளுக்குப் பிரஷர் ஏறும். இந்த ஜோசியப் பைத்தியத்தை வைத்துக்கொண்டு ஒரு மகள் என்னதான் செய்ய முடியும்? சரி, தள்ளிப்போடுவோம் என்றுவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நன்றாகத் தூங்கி எழுந்தேன், பல நாளைக்குப் பிறகு. நேற்று மின்விசிறியைத் துடைத்ததால் இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

தேதி மாற்றக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் காரணம் கேட்டார். அம்மாவுக்கு ராசி சரியில்லையாம் என்றேன், அம்மாவை நினைத்து வெட்கப்படுகிற குரலில். "அடுத்த புதன் வாங்க. அன்னைக்கு எங்க எல்லாருக்கும் ராசி சரியா இருக்கான்னும் பாத்துட்டு வந்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேஸ் சிலிண்டர் வந்தது. இட்லிக்கு மாவு அரைத்தேன். வீட்டில் எண்ணெய்ச் சட்டிக்கு விடுமுறை, டாக்டர் உத்தரவு. அம்மாவின் கல்லுக்காக நான் இளைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்று பனி எழுத்தைப் புதுப்பித்தேன். பழைய பனி, சுண்ணாம்பு உரிந்த சுவர் மாதிரி இருப்பதாகப் பால்பாண்டி அண்ணனுக்கு மனக்குறை.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளையில் எழுதிக்கொள்ள வேண்டும். படத்தைப் பக்கவாட்டில் திருப்பி, காற்று வீசுகிற ஃபில்டரை இரண்டு தடவை போட்டு, மறுபடி நேராக்கினால் எழுத்திலிருந்து கோடு கோடாக இழுத்துக்கொண்டு வரும். கீழ்நோக்கி இழுத்து நீலம் பூசினால் பனி. மேல்நோக்கி இழுத்து ஆரஞ்சு பூசினால் நெருப்பு. இரண்டுக்கும் காற்று ஒன்றுதான். தங்கமாயன் ஐயாவின் பேச்சும் அப்படித்தான் என்பதால் எங்கள் நிறுவனத்தில் ஓர் ஒற்றுமை நிலவுகிறது.

தமிழ் எழுத்தை இந்த மாதிரி வதைப்பது லேசல்ல. ஓரக்கோட்டைத் தடிமனாக்கினால் முதலில் புள்ளிகள் சாகும். அப்புறம் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதனால் புது எஃபெக்ட்டைச் சோதிக்க, புள்ளியும் சுழியும் கொம்பும் வருகிற மாதிரி ஏதாவது ஒரு வரியை அடித்துப் பார்ப்பேன். மனதில் என்ன ஓடுகிறதோ அந்த வரி. இன்று 'அம்மா மாத்திரை போட்டியா' என்று அடித்தேன். தினமும் ஆபீஸ் வந்ததும் அம்மாவிடம் போனில் கேட்கிற கேள்வி, பிரஷர் மாத்திரை. புள்ளிகள் பிழைத்தன. திருப்தி.

ஆஸ்பத்திரியில் இந்தப் புதன் வரச் சொல்லியிருக்கிறார்கள். துலாத்துக்கு இந்த வாரம் பனி. 'தள்ளிப்போடுவது நன்று.' புதுப் பனியை எதிலாவது போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

ஜூன் 14, சனி

விடிந்ததும் பால்பாண்டி அண்ணன் போன். "ஜோதி, மீனத்துக்குப் பின்னால என்னத்தம்மா எழுதி வச்சிருக்க?"

திறந்து பார்த்தேன். 'மீனம்: பொற்காலம்!' என்று தங்கம் தகதகக்கிறது. அதற்கு அடியில், வெளிர்நீலப் பனியில், மங்கலாக: 'அம்மா மாத்திரை போட்டியா'. சோதனைக்கு அடித்த வரி இருந்த லேயரை, அந்த அடுக்கை, மறைக்காமலே அனுப்பிவிட்டேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் கீழே கருத்துகள் குவிந்துவிட்டன. "நன்றி ஐயா, அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துட்டேன், தக்க சமயத்தில் உணர்த்தினீர்கள்." "ஐயா வாக்கு தெய்வ வாக்கு. என் மாமியாருக்கும் பொருந்துமா?" பத்து மணிக்குப் பால்பாண்டி அண்ணன் மறுபடி கூப்பிட்டார். குரலில் தேன். "எடுக்காதம்மா, இருக்கட்டும். அடுத்த வாரம் கும்பத்துக்கு 'கேஸ அணைச்சியா'ன்னு போட்டுப் பாப்போமா?" தங்கமாயன் ஐயாவிடம் விசாரித்தபோது, தியானத்தில் வந்தது என்றாராம்.

இந்த அமளியில் அம்மா வந்து போனை நீட்டினாள். "எனக்குத் தள்ளிப்போடச் சொல்லுது பாப்பா."

போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. கடைசியில், "சரி, தள்ளிப்போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுத் துணி ஊறவைக்கப் போனாள். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. பால்பாண்டி அண்ணனோடு பேசியே களைத்திருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்துவிட்டாளாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டதும் வலி அடங்கியது.

டாக்டர் ஷர்மிளா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கல்லு அடைச்சுக்கிச்சுன்னா சீழ் வச்சிரும். அப்ப இது சின்ன ஆபரேஷன் கிடையாது. ரெண்டு தேதி குடுத்தேன், ஏன் வரல?"

"ராசி சரியில்லைன்னு சொல்றாங்க டாக்டர்."

"யாரு, அவங்களா, நீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. நிறையப் படித்தவர்கள் சில சமயம் இப்படித்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்.

வருகிற வழியில் அம்மா, ரசத்துக்குத் தாளிக்காமலே வந்துவிட்டோமே, பிள்ளைகள் எப்படிச் சாப்பிட்டிருக்கும் என்று கவலைப்பட்டாள். மருந்துச் சீட்டு இரண்டு தடவை என் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஆட்டோ அப்படி.

ஜூன் 20, வெள்ளி

துலாத்துக்குத் தங்கம்.

சும்மா தங்கம் இல்லை. பழுப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து வெள்ளை, மறுபடி பழுப்பு என்று நிறத்தை ஓடவிட்டேன். விளிம்பைச் செதுக்கிப் புடைக்க வைத்தேன். இடது மேல்மூலையிலிருந்து வெளிச்சம். உள்ளே ஒரு நிழல், வெளியே ஒரு மினுக்கம், 'து'வின் வளைவில் ஒரு நட்சத்திரப் பொறி. காலையில் உட்கார்ந்தவள் இதை முடிக்கும்போது கடைக்குப் போன டீ கிளாஸ்கள் கழுவி மறுபடி வந்துவிட்டன. வாசகத்தை மட்டும் அண்ணன் கொடுத்த கட்டிலிருந்து எடுக்காமல் நானே எழுதினேன்: 'காலம் கனிந்தது! உடனே செய்க!'

பால்பாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். "துலாத்துக்கு மட்டும் என்னம்மா, நகைக்கடைத் திறப்பு விழா மாதிரி இருக்கு?"

"கிரக நிலை அப்படிண்ணே" என்றேன். நம்பிவிட்டார். தன் கடைச் சரக்கைத் தானே நம்புகிற ஒரே முதலாளி அவர்தான்.

ஜூன் 21, சனி

அம்மா பார்த்தாள். "உடனே செய்யச் சொல்லுதே" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு. "தேதி வாங்கிரு பாப்பா. போயிருவோம்."

ஆக, வேலை முடிந்தது. புதன்கிழமை ஆபரேஷன், செவ்வாய் சேர வேண்டும். மருத்துவ அறிவியலால் முடியாததை நான் ஒரு நிறக்கலவையில் சாதித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டியவள் நான்.

அம்மா பரண்மேலிருந்து சிவப்புப் பையை இறக்கித் தூசி தட்டினாள். மாற்றுப் புடவை, துண்டு, தம்ளர், தட்டு. அந்தப் பை வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. குடலிறக்கத்துக்கு என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா அந்தப் பையோடுதான் போனார். அதுவும் சின்ன ஆபரேஷன்தான். பை பத்திரமாகத் திரும்பி வந்தது.

கடைவீதியில் நீலப் பை ஒன்று வாங்கினேன். ஜிப் சரியில்லை.

ஜூன் 23, திங்கள்

ஏற்கெனவே வெளியிட்ட முகப்புப் படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தொழிலில் சகஜம். துலாம் படத்தை இன்று மறுபடி பார்த்தபோது தங்கம் கண்ணைக் கூசவைத்தது. மினுக்கம் அதிகம். வடிவமைப்பாளர் என்ற முறையில் அது எனக்கு உறுத்தியது. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் குறைவோ என்று தோன்றியது. சரிபார்த்தேன், இருப்பதிலேயே அதிகம். இருந்தாலும் உறுத்தியது.

நெருப்பாக மாற்றினேன். 'பொறுத்தார்க்கு நலம்.'

சாயங்காலம் அம்மா போனை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நீலப் பையிலிருந்து புடவையை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள்.

"அடுத்த வாரம் போவோம்டி" என்றாள். நான் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின சட்டியையே மறுபடி கழுவினேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆபீசில் கலவரம். போடியிலிருந்து ஒரு துலாம் ராசிக்காரர் போன் செய்து பால்பாண்டி அண்ணனைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். சனிக்கிழமை தங்கத்தைப் பார்த்து, உத்தமபாளையத்துக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டாராம். நேற்றுப் பஸ்ஸில் பாதி வழியில் போனைத் திறந்தால் நெருப்பு. அப்படியே இறங்கித் திரும்பிவிட்டார். பெண் வீட்டில் கேசரி கிண்டிக் காத்திருந்தார்களாம்.

"ஒரு ராசிக்கு ஒரே வாரத்துல ரெண்டு தலைவிதியா ஜோதி? நம்ம சேனலுக்கு ஒரு நாணயம் இருக்கா இல்லையா?" என்று கத்தினார். நாணயம் என்ற சொல்லை அந்த மாடியில் முதல்முறையாகக் கேட்டேன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கேசரிக்கும் சேர்த்து.

ஜூன் 26, வியாழன்

காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதிக்கிறது. வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நீலப் பையின் ஜிப் நடுரோட்டில் பிய்ந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

பெண்கள் வார்டு. ஜன்னலோரக் கட்டில். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. பித்தப்பை வீங்கிச் சீழ் பிடிக்கிற நிலைமையாம். நாளைக் காலை முதல் கேஸாக எடுத்துக்கொள்கிறேன், இனி ஒருநாள்கூடத் தாமதிக்க முடியாது என்றார் டாக்டர் ஷர்மிளா. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இவ்வளவு கோணலாக வரும் என்று எனக்கே தெரியாது.

நடுவில் பால்பாண்டி அண்ணன் போன். "அம்மாவுக்கு எப்படிம்மா இருக்கு? கடவுள் இருக்கார். தம்னெயில் மட்டும் அனுப்பிட்டேன்னா..." லேப்டாப்பைக் கட்டிலோரத்து ஸ்டூலில் வைத்து, ரிஷபத்துக்குப் பனியும் கடகத்துக்குத் தங்கமும் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு என்னடி போட்டிருக்க?"

"என்னம்மா?"

"இந்த வாரத்துக்கு. நெருப்பா, பனியா?"

லேப்டாப்பைப் பாதி மூடினேன். "எப்பத் தெரியும்?"

"ஊருல எவ மாத்திரை போட்டா, போடாட்டி ஜோசியக்காரனுக்கு என்ன வந்துச்சு? அம்மா மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியான்னு தெனம் போனப் போட்டு உசுர வாங்குறது ஒருத்திதான?" அம்மா சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது, விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சும் அந்த ராசிபலன நம்புனியாம்மா?"

"எனக்கு ஏதுடி ராசி? எங்காத்தா களையெடுத்துட்டு வந்து என்னையப் பெத்துப் போட்டுச்சு. எந்த மாசமின்னே அதுக்கு ஞாபகமில்ல. கோயில்ல ஐயரு கேக்குறாரேன்னு உங்கப்பா ராசியச் சொல்லி வச்சேன். அந்த மனுசன் போனப்புறமும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

இத்தனை வாரமும் நான் தீ வைத்தது அப்பாவின் ராசிக்கு. எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் இது. வரவில்லை.

"மொத வாரம் எனக்குத்தான் பயம்" என்றாள் அம்மா. "பயமா இருக்குன்னு சொன்னா நீ இழுத்துட்டுப் போயிருவ. நேரம் சரியில்லைன்னு சொன்னா வைவ, ஆனா விட்ருவ. அதான் அப்படிச் சொன்னேன். அடுத்த வாரம் மாத்திரை வந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, எழுதுறது நீதான், தள்ளிப்போடச் சொல்றதும் நீதான்னு. அடடா, நம்மளவிடப் புள்ளதான் ரொம்பப் பயந்துருக்கான்னு நெனச்சேன். சரி, அவளா போலாம்மான்னு சொல்லட்டும், அப்பப் போவோம்னு இருந்தேன்."

"தங்கம் போட்டேனே."

"போட்ட. ரெண்டு நா தாங்கலையே."

"இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு எனக்காகவா காத்துக்கிட்டிருந்த? உனக்கு அறிவிருக்காம்மா?"

"எனக்கென்னடி, ஊசி போட்டாத் தூங்கிருவேன். வெளிய நிக்கிறவளுக்குத்தான தெம்பு வேணும். உங்கப்பா உள்ள இருக்கும்போது அந்த வராந்தாவுல நீ நின்ன நிப்ப நான் பாத்தேன்ல."

ஜோசியப் பைத்தியம் என்று இந்த டைரியில் நான் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். நேரம் பார்த்துத் தள்ளிப்போட்டது யார் என்று இப்போது முதல் பக்கத்திலிருந்து படித்தால் எவருக்கும் தெரியும், எழுதினவளைத் தவிர. எனக்குப் பயம். அம்மா உள்ளே போய்த் திரும்பி வராமல் போய்விடுவாளோ என்று பயம். வேறொன்றுமில்லை. அடுத்த கட்டில்காரம்மா பார்க்கப் பார்க்க, அம்மாவின் கையில் முகத்தை வைத்து அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "போலாமாம்மா?" என்று கேட்டேன்.

"போலாம்டி" என்றாள். "எழுதி முடிச்சிட்டியா? எனக்கு இந்தத் தடவை நெருப்பும் வேணாம், தங்கமும் வேணாம். படிக்கிற மாதிரி எழுது. உன் நெருப்புல ஒரு எழுத்தாவது வெளங்குதா? நீ போடுறத நான் குத்துமதிப்பாத்தான் படிக்கிறேன்."

கறுப்புப் பின்னணி. நிழல், புடைப்பு, மினுக்கம், காற்று எல்லாவற்றையும் அணைத்தேன். வெறும் வெள்ளை எழுத்து. 'துலாம். போயிட்டு வாங்க.' எல்லாப் புள்ளிகளும் இருந்தன. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 28, சனி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அம்மா, "கேஸ அணைச்சியா?" என்று கேட்டாள். கும்பத்துக்குப் போட வேண்டியது.

வராந்தாவில் நின்றேன். நிற்க முடிந்தது.

மதியம்: வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார், உள்ளே கற்கள். "நல்ல நேரத்துல எடுத்தோம்" என்றார். நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா நடக்கிறாள். வார்டில் பாதிப் பேரின் கதை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ரசத்தில் மிளகு போதாது என்று சமையல்கூடம்வரை செய்தி அனுப்பியிருக்கிறாள்.

பால்பாண்டி அண்ணன் போன். "ஜோதி! துலாத்துக்கு ஒண்ணு போட்டியே, கறுப்புல வெள்ளையா. சேனல் ஆரம்பிச்சதுலேருந்து எந்த வீடியோவும் இப்படி ஓடுனதில்ல. போடிக்காரரு பெண் பாக்கப் போயிட்டாராம், நன்றின்னு போன் பண்ணுனாரு. அடுத்த வாரம் பன்னெண்டுக்கும் அதையே போட்டுரு. ஆமா, அந்த எஃபெக்ட்டுக்குப் பேரு என்னம்மா?"

"பேரெல்லாம் இல்லண்ணே. எல்லாத்தையும் அணைச்சா அப்படித்தான் வரும்."

"அணைக்கிறது கஷ்டமான வேலையோ?"

"கொஞ்சம் கஷ்டம்தாண்ணே" என்றேன்.

தங்கமாயன் ஐயாவுக்கு இதுவும் தியானத்தில் ஏற்கெனவே வந்திருந்ததாம்.

ஜூலை 4, வெள்ளி

வீட்டிலிருந்தே வேலை. அம்மா கட்டிலில் சாய்ந்து, இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டபடி என் முதுகுக்குப் பின்னாலிருந்து மேற்பார்வை பார்க்கிறாள். மேஷத்துக்கு எழுத்து சின்னதாக இருக்கிறதாம். விருச்சிகத்துக்காரி பாவம், சத்துணவு மையத்து மாரியக்கா, கொஞ்சம் நல்லதாகப் போட வேண்டுமாம். நான் பயந்த சிபாரிசு வந்தேவிட்டது.

பால்பாண்டி அண்ணனின் வெள்ளை எழுத்து மோகம் மூன்று நாளில் தீர்ந்தது. இப்போது வைரம் கேட்கிறார். புதுக் கோப்பைத் திறந்து, ஒரு வரி அடித்து, பளபளப்பை ஏற்றத் தொடங்கினேன். ஓரக்கோடு, உள்நிழல், வெட்டு வெட்டாக வெளிச்சம். புள்ளிகள் நிற்கின்றனவா என்று பார்க்க, திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

'அம்மா மாத்திரை போட்டியா.'

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதக் கேக்குறதுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய எழுத்து?"